பாட்டா வீட்டுக் குழு: அம்பாசடர் கியர் தொங்குது

மாலை 4:07
நான்: அம்மாவும் நானும் குமாரகோவில் போய்விட்டுத் திரும்பும் வழியில் வில்லுக்குறியில் நிற்கிறோம். பயப்பட ஒன்றும் இல்லை. பாட்டாவின் (தாத்தாவின்) அம்பாசடரில் கியர் லிவர் திடீரென்று தொங்கிவிட்டது. தூக்கினாலும் தாழ்த்தினாலும் கியர் விழவில்லை.

மைனி: அத்தைக்கு ஒன்றும் இல்லையே? நடு ரோட்டிலா நிற்கிறீங்க?

நான்: இல்லை மைனி, ஓரமாக ஒரு டீக்கடை முன்னால். மூன்றாவது கியரில் வந்துகொண்டிருந்தேன். பஸ் ஒன்று நிறுத்தியதால் வேகம் குறைத்து இரண்டுக்கு மாற்றப் பார்த்தபோது லிவர் பொத்தென்று விழுந்தது. கிளட்சை மிதித்தபடியே உருட்டி ஓரம் கட்டினேன். கடைக்கு வந்திருந்த பையன்கள் கொஞ்சம் தள்ளினார்கள்.

சித்தப்பா: கிளட்ச் போயிருக்கும். போன வருடமே சொன்னேன், வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று. அம்பாசடர் செய்த உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இனி யார் இதற்குச் சாமான் செய்வான்?

சித்தி: அவள் ரோட்டில் நிற்கிறாள், இப்போதுதான் விற்பனைப் பேச்சு.

நான்: பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். லிவரை இரண்டு தடவை ஆட்டினார். "கியர்பாக்ஸை இறக்கணும், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்கிறார். பானட்டைத் திறக்கவே இல்லை.

தம்பி (சென்னை): அக்கா, விடாதே. மார்த்தாண்டம் மாமாவைக் கூப்பிடு. அவர் டாக்சி ஓட்டியதே அம்பாசடர்தான்.

4:16
மார்த்தாண்டம் மாமா: பார்த்துவிட்டேன். யாரையும் எதையும் கழற்ற விடாதே மக்களே. தங்கச்சியை நிழலில் உட்காரச் சொல். இன்ஜினை அணைத்துவிட்டாயா?

நான்: அணைத்துவிட்டேன் மாமா. ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம் மாமா: நல்லது. முதலில் மாப்பிள்ளைக்கு ஒரு பதில். கிளட்ச் போகவில்லை. மூன்றில் இருந்த வண்டி கிளட்சை மிதித்ததும் உருண்டிருக்கிறது, தள்ளியபோதும் நகர்ந்திருக்கிறது. கிளட்ச் பிரிகிறது என்று அதிலேயே தெரிகிறது. மக்களே, ஓரம் கட்டிய பிறகு கிளட்சை விட்டாயே, அப்போது என்ன ஆனது?

நான்: ஒரு குலுக்கு குலுக்கி இன்ஜின் நின்றுவிட்டது.

மார்த்தாண்டம் மாமா: ஆக, கியர் பெட்டி இன்னும் மூன்றிலேயே பிடித்திருக்கிறது. லிவர் மட்டும் தனியாக ஆடுகிறது. பெட்டிக்கும் உன் கைக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. பெட்டியை இறக்கினால் அவருக்கு இரண்டு நாள் கூலி, உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சித்தப்பா: அத்தான், பார்க்காமலே எப்படி அவ்வளவு உறுதி?

மார்த்தாண்டம் மாமா: அதனால்தான் இன்னும் கேட்கப் போகிறேன். மக்களே, லிவரை உன் பக்கமாக இழுத்துப் பார், பிறகு எதிர்ப்பக்கம் தள்ளு. ஸ்பிரிங் இழுப்பு கையில் தெரிகிறதா? அப்புறம் மேலும் கீழும் ஆட்டு. அதில் கனம் இருக்கிறதா?

4:21
நான்: இழுப்பதிலும் தள்ளுவதிலும் எப்போதும் போல இழுப்பு இருக்கிறது. மேலும் கீழும் ஆட்டினால் கனமே இல்லை.

மார்த்தாண்டம் மாமா: கயிறு அறுந்த பிறகு கப்பி சுற்றுகிற மாதிரி, இல்லையா? அவ்வளவுதான் விஷயம்.

தம்பி (சென்னை): மாமா, எங்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மாமா: இப்போதைய கார்களில் கியர் தரையில் இருக்கிறது. பாட்டா வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது கை எட்டுகிற இடத்தில். அந்த ஒரு லிவருக்கு இரண்டு வேலை. உன் பக்கம் இழுப்பதும் தள்ளுவதும் எந்த ஜோடிக் கியர் என்று தேர்ந்தெடுக்க. ஒன்று இரண்டு ஒரு ஜோடி, மூன்று நான்கு ஒரு ஜோடி, ரிவர்ஸ் தனி. மேலும் கீழும் அசைப்பது, தேர்ந்தெடுத்த கியரைப் போட. ஸ்டியரிங் குழாயின் அடியில் இந்த இரண்டு வேலையும் தனித்தனி இரும்புக் கை வழியாக வெளியே வந்து கியர்பாக்ஸுக்குப் போகின்றன. தேர்ந்தெடுக்கும் வழி சரியாக இருக்கிறது. போடும் வழிதான் அறுந்திருக்கிறது.

தம்பி (சென்னை): இதைத்தான் டிரைவர்கள் பானட்டைத் தூக்கி உள்ளே கை விட்டுச் சரி செய்வார்களா? சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் மாமா: அது வேறு கேஸ். மூட்டுக்குள் இருக்கிற புஷ் என்ற வளையம் தேய்ந்து ஆட்டம் கண்டால் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் நிற்காது, கியர் சிக்கிக்கொள்ளும். லிவர் கல் மாதிரி இறுகிவிடும். அப்போது கையை விட்டு நேராக்குவோம். இங்கே லிவர் இறுகவில்லை, தளர்ந்துவிட்டது. இறுகினால் சிக்கல், தளர்ந்தால் அறுப்பு. குழப்பிக்கொள்ளாதே.

4:26
மார்த்தாண்டம் மாமா: மக்களே, இனி உன் கண் வேண்டும். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வை. இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும். வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம், ஜாக்கியும் வேண்டாம். பானட்டைத் திறந்து, ஸ்டியரிங் குழாய் கீழே இறங்கும் இடத்தைப் பார். தங்கச்சி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லிவரை மேலும் கீழும் ஆட்டட்டும்.

சித்தி: அக்கா டிரைவர் சீட்டிலா? போட்டோ எடுத்துப் போடு!

நான்: அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். "பாட்டாவே என்னை இதில் உட்கார விட்டதில்லை" என்கிறார்.

மைனி: 😂

மார்த்தாண்டம் மாமா: பார்க்கும்போது மூன்றில் ஒன்று தெரியும். குழாயின் அடியில் இருக்கிற கை அசையவே இல்லை என்றால் கோளாறு குழாய்க்குள்ளேயோ லிவரின் அடியிலேயோ. கை அசைந்து, அதிலிருந்து பெட்டிக்குப் போகிற ராடு அசையவில்லை என்றால் நடுவிலிருக்கும் மூட்டு. ராடு பெட்டி வரைக்கும் முழுதாக அசைந்தும் கியர் மாறவில்லை என்றால்தான் பெட்டிக்குள் சந்தேகம். அந்த மூன்றாவதில் மட்டும்தான் அந்தப் பட்டறைக்காரர் சொன்னதற்கு இடம்.

4:38
நான்: [புகைப்படம்]
கை அசைகிறது மாமா. ராடு அப்படியே நிற்கிறது. ராடின் முனையில் கவட்டை மாதிரி இரண்டு காது. அதில் ஓட்டை இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை.

மார்த்தாண்டம் மாமா: கையையும் ராடையும் இணைக்கிற ஆணி, அதாவது பின், விழுந்திருக்கிறது. அந்தப் பின் கழலாமல் முனையில் குறுக்கே போட்டு மடக்கியிருந்த ஸ்பிளிட் பின் தேய்ந்து அறுந்திருக்கும், பிறகு பின் தானாக நழுவி ரோட்டில் விழுந்திருக்கும். போட்டோவில் ஓட்டை வட்டமாக இல்லை, நீள்வட்டமாகத் தெரிகிறதே. உள்ளே புஷ் இருக்கிறதா?

நான்: கறுப்பாக ரப்பர் துணுக்கு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மார்த்தாண்டம் மாமா: அதுதான் புஷ், அதாவது மிச்சம் இருப்பது. புஷ் போனதும் பின் அடித்து அடித்து ஓட்டையை அகலப்படுத்தியிருக்கிறது. கொஞ்ச நாளாக லிவர் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றிருக்குமே?

நான்: ஆமாம். கியர் போட ரொம்பத் தாழ்த்த வேண்டியிருந்தது. வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா: சரி, பின் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பாசடர் பின் எங்கே கிடைக்கும்? ரெக்கவரி வண்டிக்குச் சொல்லட்டுமா?

மார்த்தாண்டம் மாமா: வேண்டாம் மாப்பிள்ளை. அந்த ஓட்டைக்குள் ஆட்டமில்லாமல் நுழைகிற ஒரு போல்ட், இரண்டு நட், இரண்டு வாஷர் கிடைத்தால் போதும். திறந்திருக்கிற சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கும். கட்டுக்கம்பியை நுழைத்து முறுக்குகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல். கம்பி, பின் விழாமல் பிடிக்கத்தான் உதவும். பின்னுக்குப் பதிலாக நின்று பாரம் தாங்காது.

4:52
நான்: டீக்கடைப் பையன் ஒருவன் போல்ட் கொண்டு வந்துவிட்டான். காசு வாங்க மாட்டேன் என்கிறான். அவனுடைய தாத்தாவும் அம்பாசடர் டாக்சி ஓட்டினாராம்.

மார்த்தாண்டம் மாமா: அவனுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு கொடு. இப்போது கவனமாகக் கேள். பெட்டி மூன்றில் இருக்கிறது. அப்படியே மாட்டினால் லிவர் ஒரு இடம், பெட்டி ஒரு இடம். முதலில் லிவரை நடுவில், நியூட்ரலில் வை. பிறகு ராடைக் கையால் மெல்ல அசைத்துப் பெட்டியை நியூட்ரலுக்குக் கொண்டு வா. சிக்கினால் தங்கச்சி கிளட்சை மிதிக்கட்டும். வந்துவிட்டதா என்று பார்க்கக் கல்லை எடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி வண்டியைத் தள்ளிப் பார். கிளட்ச் மிதிக்காமலே உருண்டால் நியூட்ரல். மறுபடி பிரேக்கைப் போட்டுக் கல்லை வை.

5:04
நான்: உருண்டது!

மார்த்தாண்டம் மாமா: இனி ஓட்டைகள் தானாக நேருக்கு நேர் வரும். போல்ட்டை மேலிருந்து கீழாக நுழை. அப்படியென்றால் நட் கழன்றாலும் போல்ட் உடனே விழாது. நட்டை இறுக்கிப் பிடிக்காதே, மூட்டு சுழல வேண்டும். முதல் நட் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும், இரண்டாவது நட்டை முதல் நட்டோடு சேர்த்து இறுக்கிப் பூட்டு.

தம்பி (சென்னை): அக்கா இன்று மெக்கானிக் ஆகிவிட்டாள்.

சித்தி: அவள் பாட்டாவின் பேத்திதானே.

5:13
நான்: மாட்டியாச்சு. இன்ஜின் அணைத்தபடியே எல்லாக் கியரும் போட்டுப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நான்கு, ரிவர்ஸ் விழுகின்றன. இரண்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

சித்தப்பா: பார்த்தீர்களா? பெட்டியிலும் கோளாறு இருக்கிறது.

மார்த்தாண்டம் மாமா: இல்லை மாப்பிள்ளை. ஓட்டை அகன்றுபோனதால் கை அசைகிற அளவு முழுதாக ராடுக்குப் போய்ச் சேரவில்லை. ராடின் முனையில் மரை இருக்கிறது, அதன் நீளத்தைச் சரி செய்ய வேண்டும். ஒரு பக்கம் முழுதாக விழுந்து எதிர்ப்பக்கம் அரைகுறையாக விழுந்தால் முதலில் நீளத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். அரைகுறையாக விழுந்த கியர் ஓட்டத்தில் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும், அதுதான் ஆபத்து. மக்களே, இரண்டில் போகும்போது இறக்கத்தில் கியரை நம்பாதே, பிரேக்கில் கால் இருக்கட்டும். இப்போது கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்.

நான்: ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒன்றில் நகர்கிறது 🙏

மார்த்தாண்டம் மாமா: பைய வாங்க. ஒன்றாவது கியருக்கு இதில் சிங்க்ரோமெஷ், அதாவது பற்களின் வேகத்தைச் சமமாக்கிக் கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கிற அமைப்பு, கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே ஒன்று போடு, இல்லையென்றால் கரகரவென்று அரைக்கும், நீ மறுபடி பயந்துவிடுவாய். பார்வதிபுரம் வந்ததும் மேம்பாலத்தில் ஏறாதே, கீழே வா. மேலே நின்றுபோனால் ஓரம் கட்ட இடமிருக்காது. வழியில் மறுபடி அறுந்தால் ராடைக் கையால் இரண்டில் தள்ளிவிட்டு இரண்டிலேயே வீடு வந்து சேரலாம். கிளட்சைப் பைய விட்டால் இரண்டிலும் கிளம்பும்.

மைனி: வீட்டுக்கு வந்ததும் போடு. சாயா போட்டு வைக்கிறேன்.

தம்பி (சென்னை): சித்தப்பா, சாமான் கிடைக்காது என்றீர்களே. 1958-லிருந்து 2014 வரை ஓடிய மாடல், மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ன் வம்சம். நம் நாட்டில் இவ்வளவு காலம் ஒரே உடம்போடு வந்த கார் குறைவு. பழைய வண்டிச் சாமான் விற்பவர்களிடம் இன்னும் இருக்கும்.

சித்தப்பா: அதெல்லாம் சரி. 1990-களில் இசுசு இன்ஜினோடு வந்ததில் ஐந்து கியர், கியரும் தரையில். அதை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றுதான் நான் சொல்வது.

மார்த்தாண்டம் மாமா: அதிலும் புஷ் தேயும் மாப்பிள்ளை.

6:02
நான்: வந்து சேர்ந்தாயிற்று. சுங்கான்கடையில் மட்டும் கூட்டம். கியர் கழலவில்லை.

மார்த்தாண்டம் மாமா: நல்லது. போல்ட் தற்காலிகம்தான், வண்டியை இனி எடுக்க வேண்டாம். ஞாயிறு வருகிறேன், அதாவது அடுத்த ஞாயிறு. அதற்குள் இரண்டு மூட்டுக்கும் புஷ், சரியான பின், ஸ்பிளிட் பின், வாஷர் எல்லாம் வாங்கி வை. தேர்ந்தெடுக்கும் பக்கத்தின் புஷ்ஷுக்கும் இதே வயதுதான், அதையும் மாற்றிவிடுவோம். அகன்ற ஓட்டைக்கு லேத்தில் கொடுத்துப் புஷ் அடிக்க வேண்டும்.

நான்: இவ்வளவுதானா மாமா?

மார்த்தாண்டம் மாமா: இன்னொன்று, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஸ்டியரிங் குழாய் பாடியோடு பிடித்திருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்து ஆடுகின்றன. அந்த ஆட்டம் முழுவதையும் நடுவில் தாங்குவது இந்தச் சின்ன மூட்டுதான். மவுண்ட் ரப்பர் நசுங்கி இன்ஜின் இறங்கியிருந்தால், புதுப் புஷ் போட்டாலும் ராடு கோணலாக இழுத்து ஆறு மாதத்தில் தின்றுவிடும். ஆகவே மவுண்டைப் பார்த்துவிட்டுத்தான் ராடின் நீளத்தைத் தொடுவேன். மரை எத்தனை சுற்று வெளியே தெரிகிறது என்று இப்போதே ஒரு போட்டோ எடுத்து வை.

சித்தி: அடுத்த ஞாயிறு எத்தனை பேருக்குச் சோறு?

சித்தப்பா: நானும் வருகிறேன். அத்தான் மவுண்ட் பார்க்கும்போது டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமே.

நான்: [புகைப்படம்]
மரை இதுதான் மாமா. துருவால் எண்ண முடியவில்லை.

மார்த்தாண்டம் மாமா: கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு இன்னொன்று எடு. திருகிப் பார்க்காதே.