ஸ்டிர்லிங் கோட்டையில் பைப் கேட்ட இரவு

போன ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் கோட்டையில் ஒரு விருந்துக்குப் போயிருந்தோம். என் கணவரோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அங்குள்ள பாரம்பரியச் சங்கத்தில் உறுப்பினர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25-ஐ ஒட்டி நடக்கும் விருந்து அது. நான் பட்டுப்புடவை கட்டி, மேலே தடித்த கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டேன். ஆண்கள் பெரும்பாலும் கில்ட், அதாவது பாவாடை போன்ற அவர்கள் ஊர்க் கட்டம்போட்ட உடை. இடுப்புக்கு முன்னால் தோல்பை, காலுறையில் செருகிய சின்னக் கத்தி.

விருந்து நடந்த பெருங்கூடம் நான்காம் ஜேம்ஸ் மன்னர் கட்டியது, 1503 வாக்கில் முடிந்தது. பின்னாளில் ராணுவம் அதை அறை அறையாகத் தடுத்துப் படைவீரர்களைத் தங்கவைத்தது. அந்தத் தடுப்பையெல்லாம் எடுத்து, ஓக் மரத்தில் கூரை போட்டு, 1999-ல் பழைய உருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வெளிச்சுவரில் பொன்மஞ்சள் சுண்ணாம்பு. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அவ்வளவு அழகு.

நாங்கள் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டோம். முற்றத்தில் ஒருவர் தனியாக நின்று பைப்புக்கு, அதாவது பையில் காற்றை நிரப்பி ஊதும் ஸ்காட்லாந்து வாத்தியத்துக்கு, சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தோளில் சாய்ந்திருந்த மூன்று குழல்களில் ஒவ்வொன்றின் இணைப்பையும் நூலளவு இழுப்பார், காது கொடுப்பார், திரும்ப உள்ளே தள்ளுவார். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது அப்படியே நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற சத்தம்! எங்கள் ஊர்க் கோயில் வாசலில் கண்ணை மூடி நிற்பது போலவே இருந்தது.

பேச்சுக் கொடுத்தேன், மனிதர் சந்தோஷமாகச் சொன்னார். குளிரிலிருந்து சூடான கூடத்துக்குள் போனால் சீவாளி மாறி சுருதி கலைந்துவிடுமாம். பைப்பில் ஒன்பதே சுரங்கள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது. பை காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்குமே! ஒரே சுரம் இரண்டு தடவை வரவேண்டும் என்றால், இடையில் வேறொரு விரலைச் சட்டென்று தூக்கி வைத்துப் பிரித்துக் காட்ட வேண்டும். மெதுவாக ஊதிக் காட்டினார். அந்த விரல்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

அப்புறம் ஹாகிஸ். எல்லோரும் எழுந்து நின்று நிதானமாகக் கைதட்ட, முன்னால் பைப், பின்னால் தட்டை ஏந்தியபடி சமையற்காரர். ஹாகிஸைப் போற்றி பர்ன்ஸ் எழுதிய கவிதையை ஒருவர் ஆவேசமாகச் சொல்லி, நடுவில் கத்தியால் அதைக் கீறினார். குபுகுபுவென ஆவி. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ், வெங்காயம், மிளகு எல்லாம் சேர்ந்த பண்டம். தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், குடல் கறி சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை. நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்து விளக்கைக் குறைத்ததும் அந்த பைப் வாசிப்பவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வாசித்தது பீப்ராக், அவர்களுடைய செவ்வியல் இசை. முதலில் ஒரு மெட்டை நிதானமாக ஊதுகிறார். பிறகு அதையே சங்கதி சங்கதியாக வளர்த்துக்கொண்டு போய், கடைசியில் தொடங்கிய மெட்டுக்கே திரும்பி வருகிறார். கூடத்தின் நீளத்துக்கு அடிமேல் அடிவைத்து நடந்துகொண்டே வாசித்தார். ஒருவரும் கரண்டியைக்கூடத் தொடவில்லை.

*

இதைப் படித்த ஒரு வாசகரின் பதில்: பைப்பின் சத்தத்தை நீங்கள் ஒத்து என்று சொன்னது ரொம்பச் சரி. எடின்பரோவில் என் மகள் பள்ளியிலேயே பைப் கற்கிறாள். முதல் ஒரு வருடம் பையே கிடையாது, பயிற்சிக் குழல் மட்டும்தான். பீப்ராக்கை ஆசிரியர் அசைகளாகப் பாடித்தான் சொல்லிக்கொடுக்கிறார். பழைய காலத்திலிருந்து வரும் முறையாம், பெயர் கன்ட்டரக். மிருதங்கம் கற்ற என் மாமனார் இங்கே வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவள் அதைப் பாட, இவர் பதிலுக்குச் சொற்கட்டு சொல்ல, தோசை ஆறிப்போனது.

போன நவம்பரில் எடின்பரோ கோட்டையில் ஒரு விருந்துக்கு, விருந்தினர் ஏறிவரும் வழியில் நின்று ஊத அவள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மேட்டில் காற்று ஆளைத் தள்ளும். விரல் விறைத்துவிடக் கூடாது என்று பிள்ளைகள் எல்லோரும் கையை அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் கார் வெளிச்சம் தெரிந்ததும் கையை எடுத்தார்கள். அடுத்த நொடி அத்தனை பைப்பும் ஒன்றாக எழுந்தது. நான் ஓரமாக நின்று அழுதுவிட்டேன்.