அணிப் பெயரை யாரைக் கேட்டு வைத்தார்கள்? உங்கள் அனுபவம் எழுதுங்கள்

முதல் பதிவு

அமெரிக்காவில் நான் படித்த கல்லூரியின் அணிக்குப் பூர்வகுடிப் பெயர். மாற்றலாமா என்று பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். பழைய மாணவர்கள் சார்பில் நானும் இருக்கிறேன். "கௌரவப்படுத்தத்தானே வைத்தோம்" என்று பாதிப் பேர் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் குலத்துக்காரர் ஒருவர்கூட அறையில் இல்லை. சட்டம், அறிக்கை எல்லாம் படித்தாகிவிட்டது. நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கிராண்ட் ஃபோர்க்ஸில் படித்தவர்

நார்த் டகோட்டா பல்கலைக்கழகம். அங்கே ஐஸ் ஹாக்கிதான் உயிர். நான் இருந்தபோது அணி "ஃபைட்டிங் சூ" (சூ என்பது அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளின் பெயர்). அரங்கத்தைக் கட்டிக்கொடுத்த ரால்ஃப் எங்கெல்ஸ்டாட் பழைய ஹாக்கி வீரர், பிறகு லாஸ் வேகஸில் சூதாட்ட விடுதி முதலாளி. பெயரை மாற்றினால் கட்டடத்தைப் பாதியில் விட்டுவிடுவேன் என்று 2000 டிசம்பரில் கடிதமே எழுதினார். 2001-ல் திறந்தபோது தரைக் கருங்கல்லில், இருக்கை ஓரங்களில் என ஆயிரக்கணக்கான சின்னங்கள். பிற்பாடு யாருக்கும் பெயர்த்தெடுக்கத் தோன்றக் கூடாது என்றே பதித்த மாதிரி இருக்கும்.

2005-ல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. 18 கல்லூரிகளைப் பட்டியலிட்டது. பூர்வகுடிகளை இழிவு செய்யும் பெயரோ சின்னமோ இருந்தால் தேசியப் போட்டிகளை நடத்த முடியாது, அங்கே அதை அணிந்து ஆடவும் முடியாது. எங்கள் பல்கலை வழக்குக்குப் போனது. 2007-ல் சமரசம்: ஸ்பிரிட் லேக், ஸ்டாண்டிங் ராக் ஆகிய இரண்டு சூ குலங்களின் சம்மதத்தையும் மூன்று ஆண்டுக்குள் வாங்க வேண்டும். ஸ்பிரிட் லேக் மக்கள் 2009-ல் வாக்களித்துச் சரி என்றார்கள். ஸ்டாண்டிங் ராக் கடைசிவரை இறங்கிவரவில்லை. நடுவில் மாநிலச் சட்டமன்றம் பெயரை மாற்றவே கூடாது என்று 2011-ல் சட்டம் போட்டு, அதே ஆண்டில் திரும்பப் பெற்ற கூத்தும் நடந்தது. 2012-ல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். கைவிடலாம் என்றுதான் பெரும்பாலானோர் வாக்களித்தார்கள். 2015-ல் "ஃபைட்டிங் ஹாக்ஸ்" ஆனது.

அதனால் "குலம் சம்மதித்தால் போதும்" என்று குழுவில் யாராவது சொன்னால், எந்தக் குலம், தலைமையா மக்களா என்று கேளுங்கள். என் விடுதித் தோழி ஸ்பிரிட் லேக்காரி. பெயர் இருக்கட்டும் என்பாள், அந்தச் சட்டையைப் பெருமையாகப் போடுவாள். அவள் பெரியம்மா மகன் ஸ்டாண்டிங் ராக்கில் வளர்ந்தவன், கூடவே கூடாது என்பான். விடுமுறைக்கு ஒரே காரில்தான் ஊருக்குப் போவார்கள். வழியில் ஹாக்கிப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள்.

எதிரணியில் நின்று கத்தியவர்

மேலே யாரும் சொல்லாத ஒன்று. நான் படித்த கல்லூரிக்குப் பரம எதிரி, பூர்வகுடிப் பெயர் வைத்த ஓர் அணி. ஆட்டத்துக்கு முந்தின இரவு எங்கள் ஆட்கள் பதாகை எழுதுவார்கள்: தலைத்தோலை உரிப்போம், பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய குடியிருப்புக்கே விரட்டுவோம். ஒரு பொம்மைத் தலையைக் கம்பில் செருகிக்கொண்டு வருவார்கள். பெயர் வைத்த கல்லூரி எவ்வளவு பக்தியாக நடத்தினாலும் எங்கள் பக்கத்து கேலரியை அதனால் அடக்க முடியுமா? புலி என்று வைத்திருந்தால் புலியைத் திட்டியிருப்போம், புலிக்கு ஒன்றும் ஆகாது. இங்கே திட்டு வாங்கியவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

டலஹாசிவாசி

எங்கள் ஊர் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலையின் அணி "செமினோல்ஸ்" பற்றியும் சொல்லவேண்டும். என்.சி.ஏ.ஏ. பட்டியலில் இருந்தது, ஃப்ளோரிடா செமினோல் குலமே ஆதரவாகப் பேசியதால் அதே 2005-ல் விலக்குக் கிடைத்தது. 1978 முதல் பழைய செமினோல் தலைவர் ஓசியோலாவின் வேடத்தில் ஒருவர் குதிரையில் வந்து மைதான நடுவே எரியும் ஈட்டியைக் குத்துவார். அந்த உடையில் குலத்தாரின் கை இருக்கிறது. "அன்கான்கர்ட்" (யாருக்கும் அடங்காதவர்கள்) என்ற முழக்கம்கூடச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத அவர்களுடைய சரித்திரத்திலிருந்து வந்தது. ஆனால் கோடாரி வெட்டுவதுபோல் கையை ஆட்டிக்கொண்டு பாடுகிறோமே, அது 1980-களில் கேலரியில் கிளம்பியது. உடைக்குக் கேட்ட அனுமதியை இதற்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கூடைப்பந்து ஆடியவள்

ஆண்கள் அணிக்கு ஒரு பெயர், பெண்களுக்கு அதன் முன்னால் "லேடி" ஒட்டு. நானும் அப்படிப்பட்ட சட்டையில்தான் ஆடினேன், பிடிக்கவே இல்லை. பிறகு டென்னசி பல்கலையின் கதை என்னைக் குழப்பிவிட்டது. 2015-ல் அங்கே கூடைப்பந்து தவிர மற்ற பெண்கள் அணிகளுக்கு "லேடி" கூடாது என்று எடுத்தார்கள். முன்னாள் வீராங்கனைகளே கொதித்தார்கள். பாட் சம்மிட் பயிற்சியில் கூடைப்பந்தில் எட்டுமுறை தேசியப் பட்டம் வாங்கிய பெயர், விடுவார்களா? 2017-ல் திரும்பக் கொடுத்தார்கள். பெயரைச் சுமக்கிறவர்களைக் கேட்கவேண்டும், அங்கே முதலில் கேட்கவில்லை. சரி, என்னைக் கேட்டிருந்தால் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

லாரன்ஸ், கான்சஸிலிருந்து

எங்கள் ஊர் ஹாஸ்கல் பல்கலையின் அணி "ஃபைட்டிங் இந்தியன்ஸ்". மாணவர்கள் எல்லாரும் பூர்வகுடிகள். ஆகவே பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்று, சும்மா: மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஏன் பறவைக்கே ஓடுகிறார்கள்? 1994-ல் மார்க்கெட் (Marquette) பல்கலை கழுகு, 1997-ல் மயாமி (ஒஹாயோ) பருந்து, 2006-ல் லூயிசியானா மன்ரோ இன்னொரு பருந்து. ஸ்டான்ஃபோர்டு மட்டும் ஒரு நிறத்தோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் குழுவிலும் பருந்து கேட்பார்கள் பாருங்கள்.

முதல் பதிவு எழுதியவர்

கேட்டுவிட்டார்கள்! இரண்டு விதப் பருந்து ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்டது.

கிராண்ட் ஃபோர்க்ஸ் நண்பர் எழுதியதைக் கூட்டத்தில் வாசித்தேன். குலத் தலைமைக்கு மட்டும் கடிதம் போடுவதாக இருந்தது, இப்போது அங்கிருந்து வந்து படிக்கும் மாணவர்களையும் தனியாகக் கூப்பிடுகிறோம். எதிரணிப் பதாகைகளின் படங்களும் வேண்டும். யாரிடமாவது பழைய ஆட்டப் படங்கள் இருந்தால், முகங்களை மறைத்து அனுப்புங்கள்.