எவரெஸ்ட் பேஸ் கேம்ப், நவம்பர் முதல் வாரம்: எந்த ஸ்லீப்பிங் பேக் எடுப்பது?

வைகைநடை:
வணக்கம். நானும் மனைவியும் நவம்பர் முதல் வாரம் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறோம். லுக்லாவில் இறங்கி நாம்சே, டிங்போச்சே, லோபுச்சே, கோரக் ஷெப் என்று வழக்கமான பாதைதான், எல்லா இரவும் லாட்ஜில் தங்கல், கூடாரம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த குளிர் என்றால் டிசம்பர் கொடைக்கானல், அதற்கு மேல் எதுவும் பழக்கமில்லை. கடையில் ஒரு பேக் பார்த்தேன், உறையில் பெரிதாக மைனஸ் 10 டிகிரி என்று போட்டிருக்கிறது, உள்ளே பாலியஸ்டர், விலையும் கையைக் கடிக்கவில்லை. பக்கத்திலேயே வாத்துத் தூவி அடைத்த ஒன்று இருந்தது, அதில் வெறும் 0 டிகிரிதான், விலையோ இரண்டு மடங்குக்கு மேல். இது எப்படி என்று புரியவில்லை. மனைவிக்குக் குளிர் கொஞ்சமும் ஆகாது. லாட்ஜில் கம்பளி தருவார்கள் என்கிறார்களே, அப்படியானால் பேக்கே தேவையில்லையா?

பனிக்கோடு:
அந்த மைனஸ் 10-ஐ நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பேக்கின் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக் சோதனைக்கான தர எண்ணாக ஐஎஸ்ஓ 23537 என்றோ, அதற்கு முந்தைய இஎன் 13537 என்றோ போட்டு, கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். உடம்பெங்கும் வெப்ப உணரிகள் பொருத்திய பொம்மைக்கு நீளக்கை உள்ளாடை போட்டு, மேட் விரித்து, குளிரறையில் படுக்க வைத்து எடுக்கிற அளவு அது. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைக் குறுக்காமல் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது சராசரி ஆண் சுருண்டு படுத்து 8 மணி நேரம் விழிக்காமல் சமாளிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம் என்றால் 6 மணி நேரம் உயிர் தாங்கும், அவ்வளவுதான், தூக்கத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. மலிவான பேக்குகளின் உறையில் கொட்டை எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது எண்தான், எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வரும், ஏனென்றால் முதல் தடவை மலைக்குப் போகிறவர்கள்தான் இதை நம்பி வாங்குகிறார்கள். நீங்கள் இருவருமே கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

குளிர்க் கணக்குக்கு வருவோம். நாம்சே 3,440 மீட்டர், கோரக் ஷெப் 5,164 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், ஆகவே நாம்சேயில் சுகமாகத் தூங்கினோமே என்று மேலே அதே தைரியத்தில் இருக்க முடியாது. நவம்பரில் கோரக் ஷெப் இரவில் வெளியே மைனஸ் 10, மைனஸ் 15 சாதாரணம். அறைகளுக்குப் பலகைத் தடுப்புதான், அடுப்பு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், அதுவும் யாக் சாண வறட்டி எரிகிற வரைக்கும்தான். அறைக்குள்ளேயே பாட்டில் தண்ணீர் உறைந்துவிடும். கம்பளி தருவார்கள், ஆனால் கூட்டமான நாட்களில் ஆளுக்கு இரண்டு கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு கம்ஃபர்ட் மைனஸ் 5 இருந்தால் கம்பளியோடு சேர்த்துப் போதும், மனைவிக்கு மைனஸ் 10 எடுங்கள்.

தமெல்வாசி:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். வாழ்க்கையில் ஒருமுறை போகிற நடைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை, காத்மாண்டுவில் தமெல் முழுக்க வாடகைக் கடைகள்தான், முன்பணம் வாங்கிக்கொண்டு நாள் கணக்கில் தருவார்கள். அங்கே எண்ணை நம்பாமல் பேக்கை நம்புங்கள், ஏனென்றால் பிரபல பிராண்டு பெயர் தைத்த போலிகள் அங்கே நிறைய. பேக்கை உதறித் தரையில் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், நல்ல தூவி என்றால் தானாகப் பொம்மென்று எழும்பும், எழும்பாமல் கிடந்தால் அடுத்ததைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தூவி ஒரு பக்கம் ஒதுங்கி வெறும் துணியாக இருக்கிற இடங்கள் தெரிந்துவிடும். ஜிப்பை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள், கழுத்தைச் சுற்றிக் காற்றுத் தடுப்புப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே போட ஒரு பட்டு லைனர் மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள், அது சுத்தத்துக்குத்தான். லைனர் போட்டால் 10 டிகிரி கூடும் என்று விற்கிறவர்கள் சொல்வது நடக்காது, ஏதோ இரண்டு மூன்று டிகிரி கூடலாம்.

லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். 2 கிலோ பாலியஸ்டர் பேக் இரண்டு என்றால் பாதிப் பையை அதுவே அடைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு உள்ள ஒரே பெரிய நன்மை நனைந்தாலும் கொஞ்சம் சூடு நிற்கும் என்பது, லாட்ஜில் படுக்கிறவர்களுக்கு அது தேவைப்படாது.

அன்னபூர்ணாக்காரி:
இதை உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன், காட்டுங்கள். ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்காது, நம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் வைக்கும், அவ்வளவுதான். அதனால் நடுங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் நடுங்கிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். உயரத்தில் பசி செத்துவிடும், ஆனாலும் இரவு தால் பாத் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, படுக்கும் முன் பத்து இருபது தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டு நுழையச் சொல்லுங்கள். பகலில் வியர்த்த உடையை மாற்றாமல் படுக்கவே கூடாது. கெட்டியான பாட்டிலில் வெந்நீர் வாங்கி, மூடியை நன்றாகத் திருகி, காலடியில் வைத்தால் விடியும்வரை இதம், காலையில் அதையே குடிக்கலாம். குளிருகிறது என்று முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மூச்சின் ஈரம் தூவியில் இறங்கி பேக் சுருங்கிவிடும், தலைக்கு உல்லன் தொப்பி போட்டு மூக்கு வாயை வெளியே விட வேண்டும்.

உயர நோய் வராமல் இருக்க டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதாக இருந்தால், அது சிறுநீரை அதிகமாக்கும் என்பதால் இரவில் பலமுறை எழ வேண்டிவரும். அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கமும் வராது, எழுந்து போய்விட்டு வருவதே மேல். ஃபோன், பவர் பேங்க், வடிகட்டி பாட்டில் எல்லாம் பேக்குக்குள்ளேயே இருக்கட்டும், வடிகட்டி ஒருமுறை உறைந்தால் அப்புறம் அதை நம்பமுடியாது.

வைகைநடை:
மூவருக்கும் ரொம்ப நன்றி. இன்று மறுபடி கடைக்குப் போய்ச் சீட்டைப் பார்த்தேன். மைனஸ் 10 போட்டிருந்ததில் கம்ஃபர்ட் 7, லிமிட் 2, மைனஸ் 10 என்பது எக்ஸ்ட்ரீம்! தூவி பேக்கில் 0 என்பதே கம்ஃபர்ட். இரண்டையும் வாங்கவில்லை, தமெலில் வாடகைக்கே எடுக்கிறோம். ஒரே சந்தேகம், மனைவி 5 அடிதான், அங்கே கிடைப்பதெல்லாம் 6 அடி ஆளுக்கானதாக இருந்தால்?

பனிக்கோடு:
காலடியில் காலியாகக் கிடக்கிற இடத்தையும் அவர் உடம்புதான் சூடாக்க வேண்டும், முதலில் கால்தான் சில்லிடும். குட்டை அளவு கேளுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் போட வேண்டிய காய்ந்த துணிகளை அந்த இடத்தில் திணித்துவிடுங்கள், காலையில் துணியும் சூடாக இருக்கும்.