அமெரிக்க பிஎச்டி: 9 மாத டிஏ ஆஃபரா, 12 மாத ஃபெலோஷிப்பா?

பொருநை (கேள்வி):
வரும் ஆகஸ்டில் சேர இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. முதலாவதில் டிஏ (பாடம் நடத்த உதவும் டீச்சிங் அசிஸ்டென்ட்) வேலை, 9 மாதத்துக்கு 27,000 டாலர், டியூஷன் தள்ளுபடி. செமஸ்டருக்கு 900 டாலர் ஃபீஸ் தனி. இன்சூரன்ஸ் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவதில் முதல் வருடம் ஃபெலோஷிப் (வேலை செய்யாமலே கிடைக்கும் உதவித்தொகை), 12 மாதத்துக்கு 28,800 டாலர், ஃபீஸும் இன்சூரன்ஸும் அவர்களே கட்டுகிறார்கள். அடுத்த வருடத்திலிருந்து டிஏ. முதல் இடத்தில் ஒரு வாரத்துக்குள் பதில் கேட்கிறார்கள். எது லாபம்? கையில் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்? ஃபாஃப்ஸா (அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பம்) போட்டால் ஏதாவது கிடைக்குமா?

மணல்மேடு:
ஃபாஃப்ஸா உங்களுக்கு இல்லைங்க. அது அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள் போன்றவங்களுக்கு. எஃப்-1 மாணவர் விசாவுக்கு ஃபெடரல் கடனும் கிடையாது, கிராண்டும் கிடையாது.

கணக்குக்கு வருவோம். 27,000 டாலரை 9ஆல் வகுத்தா மாசம் 3,000, கேட்க நல்லா இருக்கும். வாடகை 12 மாசமும் போகும். ஃபீஸ் 1,800 கழிச்சா 25,200. 12ஆல் வகுத்தா 2,100. இரண்டாவது இடம் 2,400. இதுல முதல் இடத்தோட இன்சூரன்ஸை நான் இன்னும் கழிக்கவே இல்லை, அதையும் நீங்களே கட்டணும்னா இடைவெளி பெருசாகும். கோடையில ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர் வேலை) தருவாங்கன்னா மட்டும் கணக்கு மாறும். அதனால கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு மெயில் போட்டுக் கேளுங்க: கோடைச் சம்பளம் எழுத்துல உண்டா, எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம், டியூஷன் தள்ளுபடி எத்தனை கிரெடிட் வரைக்கும், இன்சூரன்ஸ் யார் கட்டுறாங்க. “பொதுவா எல்லாருக்கும் கிடைக்கும்”னு பதில் வந்தா அதை உத்தரவாதமா எடுத்துக்காதீங்க.

ஒரு வாரக் கெடுவுக்குப் பயப்பட வேண்டாம். கிராஜுவேட் பள்ளிகளின் கவுன்சில் ஏப்ரல் 15 தீர்மானம்னு ஒண்ணு வச்சிருக்கு. அதுல கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகம், நிதியுதவியோட வர்ற ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன்னால பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது. பட்டியல் கவுன்சில் தளத்துல இருக்கு. பேர் இருந்தா, தீர்மானத்தைக் குறிப்பிட்டு அவகாசம் கேளுங்க. சண்டை தொனி வேண்டாம், ரெண்டு வரி போதும்.

காவிரிக்கரை:
கையிருப்பு பற்றி. வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினாலும் முதல் சம்பளம் செப்டம்பர் பாதிக்கோ அக்டோபர் தொடக்கத்துக்கோ தள்ளிப்போவது சாதாரணம். அதற்குள் வீட்டு அட்வான்ஸ் (பெரும்பாலும் ஒரு மாத வாடகை), முதல் மாத வாடகை, ஃபீஸ், படுக்கை, பாத்திரம் எல்லாம் வந்துவிடும். இரண்டரை மாதச் செலவு கையில் இருந்தால் மூச்சு விடலாம். ஃபீஸைத் தவணையில் கட்டவோ சம்பளத்தில் பிடிக்கவோ வழி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில பல்கலைக்கழகங்களில் குறுகிய கால அவசரக் கடனும் உண்டு. இந்தியாவில் பெரிய கல்விக் கடன் எடுப்பதற்கு முன் அதை விசாரியுங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் முதல் வருடச் செலவு இருக்கும். ஆஃபர் அதை முழுதாக மூடாவிட்டால் மிச்சத்துக்கு வங்கி இருப்பு காட்ட வேண்டும்.

சம்பளம் தாமதமாவதற்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் (சம்பளம், வரிக்கு அரசு தரும் எண்) ஒரு காரணம். இறங்கிய மறுநாளே அந்த ஆபீசுக்கு ஓடினால், உங்கள் நுழைவுப் பதிவு கணினியில் ஏறாமல் விண்ணப்பம் தொங்கும். பத்து நாள் பொறுத்துப் போங்கள். பாஸ்போர்ட், ஐ-94 (நுழைவுப் பதிவு), ஐ-20, சர்வதேச மாணவர் அலுவலகக் கடிதம், வேலை தரும் துறையின் கடிதம் ஐந்தும் வேண்டும். எண் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கலாம். வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கான ஆவணங்களை மட்டும் வேலை தொடங்கிய மூன்று வேலை நாட்களுக்குள் காட்டிவிட வேண்டும்.

பொருநை:
இரண்டு பேருக்கும் நன்றி. முதல் இடத்துக்கு இன்றே மெயில் போடுகிறேன். ஃபெலோஷிப்பில் வரி பிடிப்பார்களா?

எட்டயபுரம்:
பிடிப்பார்கள். எஃப்-1 மாணவரின் ஃபெலோஷிப்பில், டியூஷனுக்கும் கட்டாய ஃபீஸுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. கைக்கு வரும் ஸ்டைபெண்டில் வழக்கமாக 14% பிடித்தம். உங்கள் கணக்கில் 2,400இல் 336 போய் 2,064 வரும். ஆனால் இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவுப்படி இந்திய மாணவர்களுக்கு, வருமானத்தில் ஒரு தொகையை வரி இல்லாமல் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் உண்டு. மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இது இல்லை. 2025 வரியாண்டுக்கு அது 15,750 டாலர். நீங்கள் சேரும் வருடத்தில் ஐந்து மாதம் போல மட்டுமே வருமானம் என்பதால், ஃபெடரலில் பிடித்தது ரிட்டர்ன் போட்டால் திரும்பிவிடும். மாநில வரி தனி. கலிபோர்னியா இந்த ஒப்பந்தத்தை ஏற்பதில்லை, டெக்சாஸில் தனிநபர் வருமான வரியே இல்லை.

டிஏ சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரி இரண்டும் சேர்த்து 7.65% பிடித்திருக்கிறார்களா என்று முதல் பே-ஸ்லிப்பிலேயே பாருங்கள். முதல் ஐந்து காலண்டர் வருடத்துக்கு எஃப்-1 மாணவருக்கு அது கிடையாது. பிடித்திருந்தால் முதலில் பேரோலில் (சம்பளப் பிரிவில்) திருப்பிக் கேளுங்கள். அவர்கள் மறுத்தால்தான் வரித்துறைக்கு 843 படிவம்.

ரிட்டர்ன், வரிக் கணக்கில் குடியிருப்போராகாதவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தில், கூடவே 8843 படிவம். ரூம்மேட் பயன்படுத்துகிறார் என்று டர்போடாக்ஸ் மென்பொருளில் போட்டால் அது குடியிருப்போருக்கான 1040ஐ நிரப்பிவிடும்; பிறகு திருத்த ரிட்டர்ன் போட வேண்டிவரும். பல பல்கலைக்கழகங்கள் 1040-என்ஆர் போட உதவும் ஸ்பிரின்டாக்ஸ் மென்பொருளுக்கான கோடு இலவசமாகத் தருகின்றன, பிப்ரவரி வாக்கில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.