ஆர்எஸ்485: கடைசி பைட் மட்டும் சிதைகிறது

கேள்வி:
ஆர்எஸ்485 தொடர் இணைப்பில், ஒரே பஸ்ஸில் (எல்லாரும் பகிரும் கம்பி) 8 நோடு (கருவி), 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்). பதில் வரும்போது கடைசி பைட் அடிக்கடி சிதைந்து சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) தப்பாகிறது, ஆனால் கோளாறு தேட நிரலில் டீபக் பிரிண்ட் ஒன்று போட்டால் பேய் ஓட்டினாற்போல் சரியாகிவிடுகிறது. சிக்னல் எதிரொலிக்காமலிருக்க கம்பியின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். அனுப்பும் பஃபர் காலி என்று இன்டரப்ட் (சிப் தரும் அறிவிப்பு) வந்ததும் டிரைவர் எனேபிளை (பஸ்ஸில் அனுப்ப அனுமதிக்கும் பின்) இறக்கிவிடுகிறேன்.

பதில்:
அங்கேதான் கோளாறு. பஃபர் காலி என்றால் அனுப்பி முடிந்தது என்று அர்த்தமில்லை, கடைசி பைட் ஷிஃப்ட் ரெஜிஸ்டருக்குள் (பிட் பிட்டாக வெளியே தள்ளும் பகுதி) இப்போதுதான் நுழைந்திருக்கும், அது வெளியே போக 10 பிட், அதாவது சுமார் 87 மைக்ரோசெகண்ட் வேண்டும். 'டிரான்ஸ்மிட் கம்ப்ளீட்' இன்டரப்டில் இறக்குங்கள். பிரிண்ட் அந்த நேரத்தைத் தற்செயலாகக் கொடுத்தது, அவ்வளவுதான். அதற்காக டிலே போட்டு ஒப்பேற்றாதீர்கள், பஸ்ஸைத் தாமதமாக விட்டால் மாஸ்டரின் (நோடுகளைக் கேள்வி கேட்கும் கருவி) அடுத்த கேள்வியோடு மோதும்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி! ஆனால் ஒரு நோடில் மட்டும் ஓவர்ரன் எர்ரர் (வந்த பைட்டை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடுவது) வருகிறது.

இன்னொருவர்:
அதில் ஒன்-வயர் (ஒரே டேட்டா கம்பியில் பேசும்) வெப்பநிலை சென்சார் இருக்கிறதா? அதோடு பேசத் தொடங்கும் ரீசெட் பல்ஸே குறைந்தது 480 மைக்ரோசெகண்ட். அவ்வளவு நேரம் இன்டரப்டை மூடி வைத்தால் ஐந்து பைட் வந்து போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது. சென்சாரின் லைப்ரரியைத் திறந்து பார்த்தேன், இன்டரப்டை மூடித்தான் வைத்திருக்கிறது.