பிசைவெதுப்பி: பெயரில் பிசைதலும் இருக்கட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் இட்டு மூடினால், பிசைந்து, புளிக்கவைத்து, சுட்டும் கொடுக்கும் வீட்டுக் கருவிக்கு ‘ரொட்டிப்பொறி’ என்ற பெயரே போதும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தட்டை ரொட்டியை அழுத்திச் சுடும் கருவியும் ரொட்டிப்பொறிதான். ஈழத்திலோ மாவு உப்பியபின் சுடும் ரொட்டிக்குப் பாண் என்று பெயர், ரொட்டி என்றால் அங்கே வேறொன்று. ‘ரொட்டி சுடுவி’ என்பது கடைசிக் கட்ட வேலையை மட்டுமே சொல்கிறது. வழக்கமான ஒரு ரொட்டிக்கு ஆகும் மூன்று, நான்கு மணி நேரத்தின் பெரும்பகுதி பிசைவதிலும் மாவு உப்புவதிலுமே கழிகிறது.

இக்கருவியை உருவாக்க முயன்ற ஜப்பானின் மட்சுஷிதா (இன்றைய பானசோனிக்) நிறுவனத்தார் தடுமாறியதும் சுடுவதில் அன்று, பிசைவதில்தான். ஒசாகாவின் விடுதி ஒன்றில் ரொட்டி செய்பவர் மாவை முறுக்கி இழுக்கும் விதத்தைக் கவனித்து, பாத்திரத்தின் உட்புறத்தில் வரப்புப் போன்ற மேடுகளை அமைத்த பின்னரே 1987இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இன்று வாங்குபவரும் முதலில் பார்க்க வேண்டியவை பிசையும் உறுப்பைச் சார்ந்தவையே: அது ரொட்டியின் அடியில் எவ்வளவு பெரிய குழியை விடுகிறது, சுடுவதற்கு முன் மடங்குமா, நீள்பாத்திரமானால் மூலை மாவும் கலக்க இரண்டு உறுப்புகள் உள்ளனவா, பிசைந்த மாவை மட்டும் எடுத்துக்கொள்ள வழி உண்டா என்பன. அவ்வுறுப்புக்குத் ‘துடுப்பு’ என்ற பெயரே பொருந்தும். கிண்டும் அகப்பையையும் துடுப்பு என்பது பழைய வழக்கு.

ஆகவே ‘பிசைவெதுப்பி’ என்று முன்மொழிகிறேன். பேக்கரியைக் குறிக்கும் வெதுப்பகம் என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் ‘வெதுப்பு’ புதிதாகத் தோன்றாது. சுடுவதற்கு அது மென்மையான சொல் என்ற தடை நியாயமானதே. ஆனால் மாவு உப்புவதற்கு வேண்டிய வெதுவெதுப்பையும் இக்கருவியே தருவதால், அம்மென்மை எனக்குக் குறையாகப் படவில்லை. ரொட்டியையே ‘வெதுப்பி’ என எழுதுவோர் உண்டு என்பதுதான் உண்மையான இடர். அவர்களுக்காகப் ‘பிசைவெதுப்புக் கலன்’ என்று நீட்டலாம்; கடைப்பலகையில் எழுத அது நீளம் என்றே கருதுகிறேன்.

நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதிக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘தாமதம்’ பழுதைப் போல ஒலிக்கிறது; ‘பின்தொடக்கம்’ பொருந்துமா?