கார்ப்பஸ்: முட்டியா, மணிக்கட்டா, கணுக்கையா?

பாலக்கோடு கால்நடை மருத்துவர்:

குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசர உதவி வேண்டும்.

பென்னாகரம் பக்கத்தில் ஆடு மாடு வளர்ப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். சுவரில் மாட்டுவதற்கு முன்னங்கால் எலும்புப் படங்கள் வரைந்தாயிற்று. மாடு, செம்மறி, பன்றி, நாய், குதிரை. மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு, குளம்பெலும்பு என்று மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். கார்ப்பஸ் என்ற மூட்டுக்குத்தான் பெயர் முடிவாகவில்லை.

மாட்டின் முன்னங்காலில் நடுவே, முன்பக்கமாகப் புடைத்துத் தெரிகிற மூட்டு அது. ஊரில் முட்டி என்பார்கள், முழங்கால் என்றும் சொல்வார்கள். எலும்பைப் பார்த்தால் அது நம்முடைய மணிக்கட்டு. மாட்டின் முழங்கை அதற்கு மேலே, நெஞ்சை ஒட்டி இருக்கிறது. கார்ப்பஸுக்குக் கீழே நீளமாக இறங்குவது உள்ளங்கை எலும்பு. மனிதனுக்கு ஐந்தாக இருப்பதில், மாட்டுக்கு மூன்றாவதும் நான்காவதும் ஒட்டி ஒரே தண்டாகிவிட்டன. குதிரைக்கு மூன்றாவது மட்டும் பெருத்து, இரண்டாவதும் நான்காவதும் இரு பக்கமும் மெல்லிய குச்சிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். குதிரை நிற்பதே நடுவிரல் நுனியில்தான்.

பெயர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. "முட்டி வீங்கிடுச்சு டாக்டர்" என்று போன் வரும். முன்னங்காலில் உள்ளதா, பின்னங்காலில் வயிற்றை ஒட்டிய மூட்டா, அதற்கும் கீழே பின்பக்கம் துருத்திய மூட்டா என்று தெரியாது. மூன்றையும் முட்டி என்கிறார்கள். கார்ப்பஸ் வீக்கம் என்றால் பெரும்பாலும் சிமெண்ட் தரையில் படுத்து எழுந்து தோலுக்கடியில் நீர் கோத்திருக்கும். தரையில் வைக்கோல் பரப்பச் சொல்வேன், நீங்களாகக் கீறிவிடாதீர்கள் என்பேன். பின்னங்கால் என்றால் கதையே வேறு. முழங்காலை மூடியிருக்கிற சில்லு எலும்பு மாட்டிக்கொண்டு கால் மடங்காமல் விறைத்து நிற்கிற மாடாகக்கூட இருக்கலாம். வகுப்புப் பிள்ளைகள் நாளை என்னைக் கூப்பிடும்போது ஒரே சொல் ஒரே இடத்தைக் குறிக்க வேண்டும். உதவுங்கள்.

அரூர் தமிழாசிரியர்:

மருத்துவர் தம்பிக்கு வாழ்த்து. நல்ல வேளையில் கேட்டீர்கள்.

மணிக்கட்டு வேண்டாம். இரண்டு காரணம். வடமொழியில் மணிக்கட்டுக்கு மணிபந்தம் என்று பெயர். மணி, பந்தம் இரண்டையும் பிரித்து வைத்துப் பாருங்கள். நம் சொல் அதன் நிழல் போலத் தோன்றுகிறது. இரண்டாவது, அது மனிதக் கைக்கு உரிய சொல். எந்த உயிருக்கு எந்தச் சொல் என்பதற்குத் தமிழில் மரபு உண்டு. தொல்காப்பியர் மரபியல் என்று தனி இயலே வைத்திருக்கிறார். குட்டி, கன்று, பறழ், குருளை, மறி என்று இளமைப் பெயர் ஒவ்வொன்றும் எந்த விலங்குக்குச் சேரும் என்று அதில் வகுத்திருக்கிறார்.

என் பரிந்துரை கணுக்கை. முழங்கால் என்றால் முழங்கை. கணுக்கால் என்றால் கணுக்கை. மேலே முழம், கீழே கணு. சொல்லைக் கேட்டதுமே இடம் விளங்கும். கரும்புக்கும் மூங்கிலுக்கும் சொல்கிற கணுதான் இது. ஆநிரை கவர்ந்ததையும் மீட்டதையும் நடுகல்லில் வெட்டி வைத்த தகடூர் என்னும் நம் தர்மபுரி மண்ணில் மாட்டின் காலுக்கு இரவல் சொல் எதற்கு?

கிருஷ்ணகிரி உயிரியல் ஆசிரியை:

ஐயாவின் கணுக்கை அழகான சொல். ஆனாலும் நான் மணிக்கட்டுப் பக்கம்தான் நிற்கிறேன்.

பத்தாம் வகுப்பில் அமைப்பொத்த உறுப்புகள் என்று ஒரு பாடம் நடத்துகிறோம். மனிதன் கை, குதிரையின் முன்னங்கால், வௌவால் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு எல்லாவற்றிலும் ஒரே வரிசையில் ஒரே எலும்புகள். பிள்ளைகள் வியந்து போகிற பாடம் அது. அந்த வியப்பு வர வேண்டுமானால் எல்லாப் படத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, குதிரைக்கு இது எங்கே என்று தேட வேண்டும். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்றால் ஒப்பிட வழியே இல்லை. எலும்புகளை எண்ணச் சொல்லலாம். மனிதனுக்கு 8, பன்றிக்கு 8, நாய்க்கு 7, மாட்டுக்கு 6, குதிரைக்கு 7 அல்லது 8. எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கேட்பார்கள். மாட்டுக்கு முதல் எலும்பு இல்லை, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிட்டன என்று சொன்னால் பாடம் தானாக நகரும்.

முழங்கால் என்பதை மட்டும் படத்தில் எங்கும் விடாதீர்கள் டாக்டர். முழங்கால் என்றால் சில்லு இருக்க வேண்டும். முன்னங்காலில் சில்லு கிடையாது. பிள்ளைகள் இல்லாத எலும்பைத் தேடுவார்கள்.

ஓசூர் மொழிபெயர்ப்பாளர்:

மரபியலை ஐயா எடுத்ததால் சொல்கிறேன். அதே மரபியலில் ஆட்டோடு சேர்த்துக் குதிரைக்கும் மறி என்றுதான் வருகிறது. இன்று யார் குதிரை மறி என்கிறார்கள்? குதிரைக்குட்டி என்கிறோம். மரபும் நடக்கிற மரபுதான்.

எங்கள் பக்கம் மூன்று மொழி கலந்த பேச்சு. கன்னடத்தில் மொணகாலு, மொணகை. தெலுங்கில் மோகாலு, மோசேயி. முழங்காலும் முழங்கையும் அங்கேயும் இப்படித்தான் இரட்டையாக இருக்கின்றன. முழத்தைக் கன்னடத்தில் மொள என்பார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் ஒரு முழம், பூக்காரம்மா இன்றும் அப்படித்தான் அளக்கிறார். அதனால் மாட்டின் நெஞ்சை ஒட்டிய மூட்டுக்கு முழங்கை என்று போடுவதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

கார்ப்பஸுக்கு இன்னொரு சொல் தருகிறேன். மண்டி. கன்னடத்தில் மண்டி என்றால் முட்டிதான். தமிழிலும் மண்டியிடுகிறோம். மாடு எழும்போது பாருங்கள், முன்னங்கால் இரண்டையும் மண்டியிட்டபடியே பின்பக்கத்தை முதலில் தூக்கும். அந்த நேரத்தில் தரையில் ஊன்றுவது கார்ப்பஸ்தான். குதிரை அப்படி இல்லை, முன்னங்காலை நீட்டி ஊன்றி முன்பக்கம் முதலில் எழும். மத்திகிரிப் பண்ணை ஒரு காலத்தில் இராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம், அங்கே பழகியவர்களின் பேச்சில் குதிரைக் கால் சொற்கள் இன்னும் எத்தனை கிடைக்குமோ. யாராவது தொகுக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி உயிரியல் ஆசிரியை:

எங்கள் ஊரில் மண்டி என்றால் மாங்காய் மண்டி. படத்தில் போட்டால் வகுப்பில் அதைப் பற்றித்தான் பேச்சு ஓடும்.

போச்சம்பள்ளி வாசகர்:

ஆட்டு வியாபாரக் குடும்பம் எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நின்று வளர்ந்தவன். இலக்கணம் தெரியாது, கறிக்கடைச் சொல் தெரியும். மேலே சப்பை. அதற்குக் கீழே முன்தொடை. அதற்கப்புறம் நல்லி எலும்பு. டாக்டர் கேட்கிற மூட்டுக்குக் கீழே வெட்டினால் கால், சூப்புக்குப் போவது. மூட்டுக்கு மொளி என்போம். எல்லா மூட்டும் மொளிதான், முன்மொளி பின்மொளி என்று சொன்னால் புரிந்துவிடும். மாட்டுக்கு வருகிற சப்பை நோயும் இந்தச் சப்பையில் வருவதுதானே? டாக்டர் சொல்லட்டும்.

அரூர் தமிழாசிரியர்:

போச்சம்பள்ளித் தம்பி பொன்னான சொல்லை எடுத்துத் தந்திருக்கிறார். மொளியை இலேசாக விட்டுவிடக் கூடாது. உடம்பின் பொருத்துக்கு மொழி என்றும் பழைய வழக்கு உண்டு, மொளி அதன் மறுவடிவம். நாம் பேசுகிற மொழியும் இந்த மொழியும் ஒரே வேரா என்று நெடுநாளாக எனக்கு ஒரு எண்ணம். முழ, மொழி, முளி என்று பருத்துத் திரண்ட பொருளில் ஒரு வேர் ஓடுகிறதாகத் தோன்றுகிறது. முழங்கால், முழா, முழவு எல்லாம் திரண்டு உருண்டவை. சொல்லும் எழுத்துகள் திரண்டு பொருந்தியதுதானே? எழுத்தும் எழுத்தும் பொருந்துகிற இடம் மொழி, எலும்பும் எலும்பும் பொருந்துகிற இடம் மொழி. இதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

மருத்துவர் முட்டியை விரும்புகிறார் என்று தோன்றுகிறது. கைமுட்டி வடமொழி முஷ்டியிலிருந்து வந்தது, கால்முட்டி நம்முடைய முட்டு என்ற வேர். அதனால் தூய்மை பற்றி எனக்கு மறுப்பு இல்லை. இலக்கண மறுப்பு உண்டு. மாட்டுப் படத்தில் 'முன்முட்டி' என்று எழுதினால் அது பெயரா, 'முன்னால் முட்டிவிட்டு' என்னும் வினையெச்சமா? கொம்புள்ள விலங்குக்கு இந்த மயக்கம் வரவே கூடாது.

பாலக்கோடு கால்நடை மருத்துவர்:

சப்பை பற்றிக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சப்பை நோயில் தொடை, தோள் மாதிரியான சதைப்பிடிப்புள்ள இடங்கள்தான் வீங்கும். அழுத்தினால் நறநறவென்று கேட்கும், உள்ளே காற்று. மண்ணில் கிடக்கிற கிருமியால் வருவது. மழைக்காலத்துக்கு முன்னால் தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். நோய்ப் பெயரிலேயே சொல் இருப்பதால் சப்பையைப் படத்தில் தோள்பட்டைக்குப் பக்கத்தில் சேர்க்கிறேன்.

தோள் என்றதும் இன்னொன்று. நமக்குத் தோளை நெஞ்சோடு சேர்க்கிற காறை எலும்பு மாட்டுக்கும் குதிரைக்கும் ஆட்டுக்கும் கிடையாது. நாய்க்குப் பெயரளவில் ஒரு துணுக்கு, பூனைக்குச் சதைக்குள் மிதக்கிற சிறு எலும்பு. அதனால் முன்னங்கால் உடம்போடு எலும்பால் சேர்வதே இல்லை, முழுக்கச் சதைதான் பிடித்திருக்கிறது. இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே நெஞ்சுக்கூடு தொட்டிலில் கிடப்பது போலத் தொங்குகிறது. குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. ஓடும்போது அந்த அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது குளம்பு, குளம்புக்கு மேல் மூட்டு, பிறகு கார்ப்பஸ், கடைசியில் இந்தச் சதைத்தொட்டில். கார்ப்பஸ் வெறும் கீல் இல்லை. எலும்புகள் இரண்டு அடுக்காக அடுக்கியிருக்கின்றன. மேல் அடுக்குக்கு மேலேயும் இரண்டு அடுக்குக்கு நடுவிலும் நன்றாக மடங்கும், கீழ் அடுக்குக்குக் கீழே அசைவு மிகக் குறைவு. ஓடுகிற குதிரைக்கு இதன் முன்விளிம்பில் எலும்பு சிறு துண்டாகத் தெறிப்பது உண்டு. 'முட்டி' என்ற ஒற்றைச் சொல் அந்த அடுக்கைச் சொல்லவில்லை என்பது எனக்கும் உறுத்துகிறது.

கணுக்கையில் எனக்கு ஒரு தடை, ஐயா. ஊரில் மாட்டுக்குக் கணுக்கால் என்று காட்டுவது குளம்புக்கு மேலே உள்ள மூட்டை. அது விரல் மூட்டு. நான் கணுக்கை என்று எழுதினால் பிள்ளைகள் அங்கேதான் கை வைப்பார்கள். மருந்து வேறு இடத்தில் போய்விடும்.

அரூர் தமிழாசிரியர்:

ஊரார் தவறாகக் காட்டினால் வகுப்பு எதற்கு? திருத்துவதற்குத்தானே?

ஓசூர் மொழிபெயர்ப்பாளர்:

திருத்தலாம் ஐயா, ஒரே நாளில் இரண்டு சொல்லையும் திருத்த முடியாது. கணுக்காலை இடம் மாற்றிவிட்டு அப்புறம்தான் கணுக்கையைக் கொண்டுவர முடியும். படம் பொங்கலுக்கு வேண்டும். நான் மண்டியை விட்டுவிடுகிறேன். போச்சம்பள்ளி நண்பரின் மொளிக்கு ஓட்டுப் போடுகிறேன். வினையெச்ச மயக்கம் வராது, ஊரும் அறியும்.

போச்சம்பள்ளி வாசகர்:

மொளி எல்லா மூட்டுக்கும் சொல்வது. படத்தில் முன்மொளி என்றால் குளம்புப் பக்க மொளியா, நடு மொளியா என்று எங்கள் அப்பாவே கேட்பார். எனக்கு முன்முட்டி போதும்.

கிருஷ்ணகிரி உயிரியல் ஆசிரியை:

சரி, நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். பெரிய எழுத்தில் முன்முட்டி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் மணிக்கட்டு எலும்புகள். வெளியிலிருந்து தெரிகிற இடத்துக்கு ஊர்ப்பெயர், உள்ளே இருக்கிற எலும்புக்குப் பாடப்பெயர். இதற்கு டாக்டர் ஒப்புக்கொண்டால் என் வகுப்புக்கும் ஒரு படம் வாங்கிக்கொள்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும். முன்முட்டி என்று வந்தால் பின்முட்டி எது என்று கேள்வி வரும். பின்னங்காலில் உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டியது. பின்பக்கம் துருத்தியிருக்கும் ஹாக் மூட்டு நம் கணுக்காலுக்குச் சமம். இரண்டில் எதற்குப் பின்முட்டி என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால் நீங்கள் முதலில் சொன்ன போன் குழப்பம் அப்படியே இருக்கும்.

பாலக்கோடு கால்நடை மருத்துவர்:

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை சொன்ன முறையிலேயே அச்சுக்குக் கொடுக்கிறேன். நெஞ்சை ஒட்டியது முழங்கை. அடுத்தது முன்முட்டி, கீழே சிறிதாக மணிக்கட்டு எலும்புகள். அதற்கும் கீழே நீண்ட தண்டுக்கு உள்ளங்கை எலும்பு. குளம்புக்கு மேலே விரல் மூட்டு. காறை எலும்புக்கு நாய்ப் படத்தில் மட்டும் ஒரு கோடு. முழங்கால் என்ற சொல் முன்னங்கால் படத்தில் எங்கும் இல்லை. பின்முட்டியை இப்போது தொடவில்லை. பின்னங்கால் படங்கள் சித்திரைக்குப் பிறகுதான், அதுவரை போனில் "சில்லு இருக்கிற மூட்டா, இல்லாததா" என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரூர் தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. என் வாக்கு கணுக்கைக்கு என்று பதிவில் இருக்கட்டும். முன்முட்டி என்ற சொல்லில் இது கையின் உறுப்பு என்ற செய்தியே இல்லை. கீழே சிறிய எழுத்தில் போட்ட மணிக்கட்டுதான் அதைச் சொல்கிறது, அந்தச் சொல்லும் எனக்கு உவப்பில்லை. பின்னங்கால் படத்துக்கு ஹாக் மூட்டு வரும்போது கணுக்கால் என்று சரியான இடத்தில் எழுதுங்கள் தம்பி. அதை எழுதிவிட்டால் முன்னங்காலில் கணுக்கையை எழுத உங்களுக்கு வேறு தடை இருக்காது.

மொழி, மொளி பற்றிய மடலை இந்த வாரம் அனுப்புகிறேன். முட்டு, மூட்டு, முடிச்சு மூன்றையும் அதில் சேர்க்க வேண்டியிருக்கிறது.